கிள்ளி எடுத்த பாசியும் வெட்டிக் கொடுத்த ஈரலும்

பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் அக்கா ஒருவரை எனக்கு நீண்ட நாளாகத் தெரியும். போன வருடம் தன் அண்ணனுக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். அண்ணன் விசைப்படகில் டிரைவர். ஹெபடைடிஸ் பி வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து, ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கட்டி நின்ற நிலை. மதுரையில் டெஸ்ட்டெல்லாம் முடிந்து ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. கரையில் உட்கார்ந்து, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "மரிக்கொழுந்துப் பாசிய வேரோட புடுங்குனா அந்தக் கல்லுல மறுபடி வராது தம்பி. கிள்ளி எடுத்தா வந்துரும். ஈரலும் அந்த மாதிரித்தானா?"

பாதி சரி. மீதிப் பாதி எங்கே விலகுகிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் கரையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே சொல்தான்: "வளந்துரும்ல." பல்லி வால் வளர்கிற மாதிரி என்பார்கள். கடலோரத்துக்காரனுக்குப் பல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை. கொடுக்கு ஒடிந்த நண்டு தோடு கழற்றும்போது புதுக் கொடுக்கோடு வருகிறது. கடல் அட்டையைச் சீண்டினால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டு, சில வாரத்தில் உள்ளே புதுசாக உண்டாக்கிக்கொள்கிறது. (2001-இலிருந்து அட்டை பிடிக்கத் தடை, ஆனாலும் பழைய ஆட்களுக்கு இது தெரியும்.) கரையை விட்டு மேலே ஏறினால் சீமைக் கருவேலம் இருக்கவே இருக்கிறது, வெட்ட வெட்டத் துளிர்க்கும். இவை எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம், போன இடத்திலேயே, போன உருவத்திலேயே திரும்ப வருகிறது.

கல்லீரல் அப்படி வருவதில்லை. வெட்டிய இடத்தில் புது மடல் எதுவும் முளைக்காது. உள்ளே விட்டுவைத்த மிச்சம்தான் பெருக்கிறது. வலது பக்கத்தைக் கொடுத்தவருக்கு இடது பக்கம் வீங்கி, உருண்டு, வலது பக்கத்துக் காலி இடத்துக்குள் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. அளவு திரும்புகிறது, வேலை திரும்புகிறது. உருவம் திரும்புவதில்லை.

சரி, எதை வெட்டுகிறார்கள்?

கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கியவர்களுக்குக் கல்லீரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கையில் எடுத்தால் கனமாக, வழுவழுவென்று, கத்தி பட்டதும் ரத்தம் கசியும் சதை. மனிதருக்கு அது சுமார் 1,200 முதல் 1,500 கிராம் வரை. உடல் எடையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவு ரத்தம் அதன் வழியே ஓடுகிறது. அதில் நாலில் மூன்று பங்கு இதயத்திலிருந்து நேராக வருவது இல்லை. குடலில் சத்தை உறிஞ்சிக்கொண்ட ரத்தம் போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போயாக வேண்டும். இந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதுதான் வரப்போகிறது.

வெளியே பார்த்தால் கல்லீரலில் ஒரு மடிப்பு தெரியும். வலது, இடது என்று அதை வைத்துத்தான் முன்பு பிரித்தார்கள். உண்மையான எல்லை அது இல்லை, பித்தப்பை உட்கார்ந்திருக்கும் குழியிலிருந்து பின்னால் இருக்கும் பெருஞ்சிரை வரை போகும் கண்ணுக்குத் தெரியாத கோடுதான் எல்லை என்று ஜேம்ஸ் கான்ட்லி என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1897-இல் எழுதினார். பிறகு 1950-களில் பிரான்ஸைச் சேர்ந்த க்ளோத் குயினோ, ரத்தக் குழாய்கள் கிளைக்கும் முறையைப் பார்த்து எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரத்து, தனிப் போக்கு. இது தெரிந்த பிறகுதான் உயிரோடு இருப்பவரின் ஈரலை, இரண்டு பக்கமும் வேலை செய்யும்படி பிரிக்கலாம் என்ற எண்ணத்துக்கே இடம் வந்தது.

பெரியவருக்குக் கொடுக்க வலது பக்கம், அதாவது மொத்தத்தில் 60 முதல் 65 சதவீதம் தேவைப்படும். குழந்தைக்கு என்றால் இடது ஓரத்துச் சின்னத் துண்டு, 200 முதல் 300 கிராம், போதும். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் குழுவினர் ஒரு தாயின் ஈரல் துண்டை மகனுக்கு வைத்து வெற்றி கண்டார்கள். உயிருள்ளவரிடமிருந்து எடுத்து வைத்ததில் தேறிய முதல் ஆபரேஷன் அதுதான். நம் நாட்டில் 1998-இல் டெல்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு அதன் அப்பா கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது டாக்டர்.

கொடுப்பவரிடமிருந்து ஈரலோடு இன்னொன்றும் போகிறது. பித்தப்பை, வெட்டும் கோட்டின் மேலேயே இருப்பதால், அதையும் எடுத்துவிடுகிறார்கள். அது திரும்ப வளராது. அது இல்லாமல் வாழலாம், லட்சக்கணக்கான பேர் கல் வந்து எடுத்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் "எல்லாம் வளந்துரும்" என்று சொல்லும்போது இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அக்காவுக்கும் இது ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டும்போதுதான் தெரிந்தது.

இனி, எப்படி வளர்கிறது என்பது.

ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்குக் கண்மாயை வைத்துச் சொன்னால் உடனே புரியும். நிறைந்த கண்மாயில் இரண்டு மடை. ஒரு மடையை அடைத்துவிட்டால் தண்ணீர் என்ன செய்யும்? மொத்தமும் அடுத்த மடையில் பாயும். வாய்க்கால் கரை அதிரும். கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்ததும் நடப்பது அதுதான். குடலிலிருந்து வரும் ரத்தம் குறையவில்லை, அதற்கு வேறு வழியும் இல்லை. போர்ட்டல் சிரையில் வரும் அத்தனையும் மிச்சமிருக்கும் சின்னத் துண்டு வழியாகவே போயாக வேண்டும். ஒரு கிராம் ஈரலுக்கு இத்தனை மில்லி என்று கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த வேகம் ரத்தக் குழாய்ச் சுவரில் உரசுவதே முதல் தகவல். ஆபரேஷன் டேபிளில் இருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது.

அந்த ரத்தத்தோடு குடலில் உள்ள பாக்டீரியாக்களின் கழிவுத் துணுக்குகளும் வருகின்றன. கல்லீரலில் காவல் இருக்கும் குப்ஃபர் செல்கள் இவற்றைக் கண்டு உசுப்பப்பட்டு, இன்டர்லியூகின்-6 போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அதுவரை பிரியாமல் அமைதியாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஈரல் செல் அதைக் கேட்டுப் பிரிவதற்குத் தயாராகிறது. அப்புறம் ஹெச்.ஜி.எஃப். என்று ஒரு வளர்ச்சிப் பொருள் வந்து 'போ' என்று தள்ளுகிறது.

இதில் என்னை ஆச்சரியப்படுத்துவது ஒன்று. இப்படிப் பிரிவது எங்கோ ஒதுக்கி வைத்த விதைச் செல்கள் இல்லை. முதிர்ந்து, முழு நேர வேலையில் இருக்கும் செல்களேதான் பிரிகின்றன. புரதம் செய்துகொண்டு, சர்க்கரையைச் சேமித்துக்கொண்டு, பித்தம் சுரந்துகொண்டே இரண்டாகவும் ஆகின்றன. வலை இழுக்கிறவனே படகையும் கட்டுகிற மாதிரி. அதனால்தான் கொடுத்தவரின் ஈரல் ஒரு நாளும் முழுசாக லீவு எடுப்பதில்லை. மிச்சத்தை முழு அளவுக்குக் கொண்டுவர ஒவ்வொரு செல்லும் சராசரியாக ஒன்று, இரண்டு தடவை பிரிந்தாலே கணக்கு சரியாகிவிடும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க எலிகள்தான் உதவின. 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம், பத்து நாளில் பழைய எடை வந்துவிட்டது. இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் அதே ஆபரேஷன்தான். பிறகு வந்தவர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். இரண்டு எலிகளின் ரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்து, ஒன்றின் ஈரலை மட்டும் வெட்டினார்கள். வெட்டுப்படாத எலியின் ஈரலிலும் செல்கள் பிரியத் தொடங்கின. செய்தி ரத்தத்தில் போகிறது என்று அதில் தெரிந்தது.

வளரச் சொல்வது ஒரு பாதி. எங்கே நிறுத்த வேண்டும் என்று யார் சொல்வது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற பொருள்கள் தடை போடுகின்றன என்பது தெரியும். ஆனால் கல்லீரல் தன் அளவைத் தன்னை வைத்துப் பார்ப்பதில்லை, இருக்கும் உடம்பை வைத்துத்தான் பார்க்கிறது என்பதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. 1992-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கல்லீரல் மாற்றுக்கு முன்னோடியான தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் ஒரு மனிதருக்கு பபூன் குரங்கின் ஈரலை வைத்தார்கள். அவர் சுமார் 70 நாள்தான் உயிரோடு இருந்தார். அதற்குள் அந்தக் குரங்கு ஈரல் மனித ஈரலின் அளவுக்கு வளர்ந்திருந்தது. நாய்களில் இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறார்கள்: பெரிய நாயின் ஈரலைச் சின்ன நாய்க்கு வைத்தால் சுருங்கி அதன் அளவுக்கு வந்துவிடுகிறது. வாடகைக்கு வந்தவர் வீட்டு அளவுக்குத் தக்கபடி சாமான் வைத்துக்கொள்கிற மாதிரி.

ஆக, அக்காவின் பாசிக் கணக்கில் சரியான பாதி எது? அடியை விட்டுவைக்க வேண்டும் என்பது. கொடுப்பவருக்குள் குறைந்தது 30 முதல் 35 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பது டாக்டர்கள் மீறாத கோடு. அதற்குக் கீழே போனால் அந்தப் பாய்ச்சலையே தாங்காமல் மிச்ச ஈரல் திணறிவிடும். மடை உடைகிற மாதிரிதான். வாங்குபவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது: அவர் எடையில் 0.8 சதவீதமாவது துண்டு இருக்க வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 520 கிராம். இந்த இரண்டு கணக்கும் ஒத்து வராமல் திரும்பிப் போகும் குடும்பங்கள் நிறைய. சி.டி. ஸ்கேனில் ஈரலைத் துண்டு துண்டாக அளந்து இதைப் போட்டுப் பார்க்கிறார்கள். கொழுப்பு படிந்த ஈரல் என்றால் அளவு இருந்தும் பயன் இல்லை, அது நன்றாக வளராது. அதற்காகவே சிலரை ஒன்றிரண்டு மாதம் நடக்கவிட்டு, எடை குறைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்கிறார்கள். பாசிக்காக வருடக்கணக்கில் நீந்துகிற உடம்பு என்பதால் அக்காவுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

மொத்தம் 1,200 கிராம் ஈரல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 780 கிராம் போய்விட்டது, மிச்சம் 420. முதல் இரண்டு வாரத்தில்தான் வளர்ச்சி பாய்கிறது. அதற்குள் மிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பு ஆகிவிடும். இதில் ஆரம்ப நாள்களில் தெரியும் பெருக்கத்தில் கொஞ்சம் ரத்தத் தேக்கமும் நீரும் சேர்ந்ததுதான், எல்லாமே புதுச் செல் இல்லை. மூன்று மாதத்தில் பழைய அளவில் சுமார் 80 சதவீதம், அதாவது 960 கிராம் அளவுக்கு வரும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து கொடையாளர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு சொன்ன சராசரி இது. அதே ஆய்வில் வாங்கியவர்களின் ஈரல் 93 சதவீதத்தை எட்டியிருந்தது. அப்புறம் வேகம் குறைந்துவிடுகிறது. பலருக்கு முழு 100 வருவதே இல்லை, அதனால் குறையும் இல்லை. உடம்புக்குப் போதுமானது வந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

முதல் வாரத்தில் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் பயம் வரும். ரத்தம் உறையும் நேரம் கூடும், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறும், கண் லேசாக மஞ்சளாகும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், பிறகு இறங்கும். பாஸ்பரஸ் மட்டும் விறுவிறுவென்று குறையும். புதுச் செல் கட்டுவதற்கும் அதற்கான சக்திக்கும் பாஸ்பரஸ் செலவாகிறது, சிறுநீரிலும் வெளியேறுகிறது, அதனால் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். ஈரல் வளர்வதை நேரில் பார்க்க முடியாது. பாஸ்பரஸ் இறங்குவதில் அதன் பசி கொஞ்சம் தெரியும். பிளேட்லெட் எண்ணிக்கை சிலருக்கு வருடக்கணக்கில் பழையதைவிடக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். தொந்தரவு எதுவும் இருக்காது, ஆனால் பின்னால் வேறு எதற்காவது ரத்தம் பரிசோதிக்கும் டாக்டரிடம் 'நான் ஈரல் கொடுத்தவள்' என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் டெங்குவா என்று வீணாகக் குழம்புவார்கள்.

வளர்ந்த ஈரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இன்னொன்று தெரியும். கல்லீரல் என்பது லட்சக்கணக்கான அறுகோணக் கூடுகள் அடுக்கியது. வளர்ச்சியில் கூடுகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வொரு கூடும் பெரிதாகிறது. அறையைக் கூட்டாமல், இருக்கிற அறைகளையே அகலப்படுத்தின வீடு.

அண்ணனின் ஈரலும் இதே ஈரல்தானே, அது ஏன் வளரவில்லை? அக்காவின் மகன் கேட்டான். பத்தாவது படிக்கிறான். உண்மையில் அதுவும் வளர்ந்துகொண்டேதான் இருந்தது, பிரச்சினையே அதுதான். வைரஸோ சாராயமோ செல்களை வருடக்கணக்கில் கொன்றுகொண்டே இருக்க, மிச்சச் செல்கள் பிரிந்து பிரிந்து ஈடு கட்டும். இடையில் தழும்பு நார் விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் புதுச் செல்கள் நாருக்கு நடுவே சின்னச் சின்ன முடிச்சுகளாகச் சிறைப்பட்டுவிடும். செல் இருக்கும், ரத்தம் போகாது, பித்தம் வெளியே வராது. சிரோசிஸ் என்பது இதுதான். தழும்பு விழுந்த ஈரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, வயிற்றில் நீர் கோக்கிறது, உணவுக் குழாயில் ரத்தக் குழாய் வெடித்து ரத்தவாந்தி வருகிறது. ஒரே வெட்டில் போனதை ஈரல் மீட்டுக்கொள்ளும். தினம் தினம் அடி விழுந்தால் முடியாது.

இந்த இடத்தில் ஒரு பேச்சு. ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுக்கச் சொல்லி நாலு பேர் வருவார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் முக்கால் ஈரலோடு இருக்கும் முதல் மாதங்களில், ஈரல் வழியே போக வேண்டிய எந்த மருந்தும், அது இலையோ மாத்திரையோ, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சாராயம் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நன்றாக மீனும் முட்டையும் சாப்பிடலாம். புதுச் செல் கட்டப் புரதம் வேண்டும், அதற்கு எங்கள் கரையில் பஞ்சம் கிடையாது. வாங்கியவர் வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். கொடுத்தவருக்கு அது தேவையில்லை.

"திரும்ப வளந்துரும்னா, இன்னொருத்தருக்கும் குடுக்கலாமே?" இதைக் கேட்காத ஊர் இல்லை. ஆய்வுக்கூட எலிகளில் மறுபடி மறுபடி வெட்டியும் வளர்ந்திருக்கிறது. மனிதரில் கூடாது. காரணம் செல்கள் இல்லை, குழாய்கள். முழு ஈரலுக்கு உள்ளே வரும் குழாய்கள் வாசலிலேயே வலது, இடது என்று இரண்டாகப் பிரிகின்றன. அதனால்தான் பிரித்து எடுக்க முடிந்தது. இப்போது மிஞ்சியிருப்பது ஒரே கிளை. ஈரல் எவ்வளவு பெருத்தாலும் அந்தக் கிளை இரண்டாகாது. மறுபடி பிரிக்கப் போனால் கொடுத்தவருக்கே எதுவும் மிஞ்சாது. தென்னையில் குலை வெட்டுகிற கணக்கு இதில் செல்லாது.

அக்காவின் அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "மூணு மாசத்துல ஈரல் வளந்துரும். அப்ப மூணாவது மாசம் கடல்ல எறங்கலாமா?"

ஈரல் என்ன சொல்கிறது என்பது இங்கே கணக்கே இல்லை. வயிற்றுச் சுவர்தான் கணக்கு. வலது பக்கம் எடுப்பதற்கு நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கி, விலாவுக்குக் கீழே வலது பக்கமாகத் திரும்பும் பெரிய கீறல் போடுகிறார்கள். தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் தசையும் அதை மூடிய உறையும் நிதானமாகத்தான் ஆறும். மூன்று மாதத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் வரும், முழு பலம் ஒருபோதும் வராது. அதற்குள் கனத்தைத் தூக்கினால் தையல் வழியே குடல் பிதுங்கி ஹெர்னியா ஆகும். ஆபீஸில் உட்காருகிறவர் ஐந்தாறு வாரத்தில் வேலைக்குப் போய்விடலாம். கரைவலை இழுக்கிறவர், நங்கூரம் தூக்குகிறவர், பனை ஏறுகிறவர், உப்பளத்தில் உப்பு வாருகிறவர் ஆகியோருக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. மருத்துவமனைகளில் கொடுக்கும் துண்டுச் சீட்டில் 'இலகுவான வேலை' என்று எழுதியிருக்கும். எங்கள் கரையில் இலகுவான வேலை எது?

பாசி எடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் கண்ணாடியை மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு கிள்ளி, இடுப்புப் பைக்குள் போட்டு, மேலே வந்து மூச்சு விட்டு மறுபடி முங்க வேண்டும். மூச்சைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் வயிற்றுத் தசை இறுகும். நனைந்த பாசியின் கனம் வேறு. அதனால் ஈரல் 'வந்துவிட்டது' என்று ஸ்கேன் சொன்ன பிறகும் வயிறு 'பொறு' என்று சொல்லும். டாக்டரிடம் பேசும்போது 'எப்ப வேலைக்குப் போலாம்' என்று மட்டும் கேட்காதீர்கள், வேலை என்ன என்பதை நடித்தே காட்டுங்கள் என்று நான் சொன்னேன். அக்கா உண்மையிலேயே அந்த அறையில் மூச்சைப் பிடித்து முங்கிக் காட்டினாராம்.

விசைப்படகுக்காரர்கள் சிலர் தடைக்காலத்தில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பது உண்டு. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டித்தான் கிடக்கும், சம்பளம் போகாது. யோசனை நல்லதுதான், நோயாளியின் நிலை காத்திருக்கும் என்றால். ஆனால் 61 நாள் போதாது. ஜூன் 15 விடிகாலையில் கடலுக்குப் போகும் முதல் படகில் ஏறிவிட வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறதே, அதை அடக்கத் தெரிந்தால்தான் இந்த யோசனை பலிக்கும்.

இனி ஆபத்து. வலது பக்கம் கொடுப்பவர்களில் உயிரிழப்பு உலக அளவில் சுமார் 500-க்கு ஒன்று என்று சொல்லப்படுகிறது. இடது பக்கத்துக்கு இன்னும் குறைவு. ஏதாவது ஒரு சிக்கல், அதாவது பித்தக் கசிவு, காய்ச்சல், நெஞ்சில் நீர், பின்னால் ஹெர்னியா என்று எதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அமெரிக்க ஆய்வில் பத்துப் பேரில் நாலு பேருக்கு வந்தது. பெரும்பாலும் சின்னவை, தானே சரியானவை. ஆனாலும் எந்த நோயும் இல்லாத ஒருவரை மேஜையில் படுக்க வைத்துச் செய்யும் ஆபரேஷன் இது. 500-க்கு ஒன்று என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். தெருவில் 500 பேர் கூடும் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது.

அதனால்தான் "வளந்துரும்ல, குடுத்தா என்ன" என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. உண்மையான ஒரு விஷயத்தை வைத்து ஒருவரை நெருக்குகிற பேச்சு அது. வளர்வது ஈரல். படுப்பது, வலிப்பது, வருமானம் நிற்பது எல்லாம் கொடுக்கிறவருக்கு. நம் நாட்டில் உயிரோடு உறுப்புக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஈரக்குலை பதறுகிறவள் கொடுக்கிறாள் என்று அதற்கு அழகாகப் பெயர் வைக்கலாம். சம்பாதிக்கிறவன் படுத்தால் குடும்பம் தாங்காது என்பதால் மனைவியை, அம்மாவை, அக்காவை முன்னால் நிறுத்துகிறார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. பாசி எடுத்துச் சம்பாதிப்பதும் சம்பாத்தியம்தான் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011-இல் வந்த திருத்தமும், கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோரை நெருங்கிய உறவு என்கின்றன. 18 வயது முடிந்திருக்க வேண்டும். இந்த உறவுகளுக்கு வெளியே இருப்பவர் கொடுக்க வந்தால் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். காசுக்கு விற்றால் 5 முதல் 10 வருடம் வரை சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். 2014-ஆம் வருட விதிகளில், கொடுப்பவர் பெண் என்றால் அவருடைய சுயசம்மதத்தை வாங்குபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். அப்போது "வேண்டாம்" என்று சொன்னால், நல்ல டாக்டர்கள் அதைக் குடும்பத்திடம் போட்டு உடைக்க மாட்டார்கள். "ஸ்கேன்படி பொருத்தம் இல்லை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் இருக்கிறது. தூரம்தான் காப்பீட்டில் வராத செலவு. பாம்பனிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் நாலு மணி நேரம், வயிற்றில் தையலோடு. அதனால்தான் கொடுத்தவர்கள் முதல் மாதத்துக்குப் பிறகு செக்கப்புக்கே போவதில்லை. 'நல்லாத்தான இருக்கேன்' என்று விட்டுவிடுகிறார்கள். ராமநாதபுரத்தில் 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சாதாரண ரத்தப் பரிசோதனையையும் அல்ட்ராசவுண்டையும் அங்கேயே எடுத்து மதுரைக்கு அனுப்பலாம். டாக்டரிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

அக்கா மூன்றாவது மாதம் மதுரைக்குப் போய்த்தான் ஸ்கேன் எடுத்து வந்தார். படத்தை வீட்டு ஜன்னலில் வெயிலுக்கு நேரே பிடித்து என்னிடம் காட்டினார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தோம். பழையதில் வலது பக்கம் அகலமாக, இடது பக்கம் வால் மாதிரி மெலிந்து ஒரு முக்கோணம். புதியதில் முக்கோணம் இல்லை. அந்த வால்தான் தடித்து, வலப் பக்கம் திரும்பி, ஒரு பெரிய உருளைக்கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்தது.

"காலியா கெடக்கும்னுல்ல நெனச்சேன்" என்றார். விரலை வைத்து அந்த உருண்டையின் ஓரத்தைச் சுற்றி ஒரு தடவை வரைந்தார். பிறகு படத்தை மடிக்காமல் கவருக்குள் போட்டு, வரப்போகும் அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார். அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்தான் அவர்கள் பாசிக்குப் போவது.

அந்த அமாவாசைக்கு அவர் இறங்கவில்லை. அடுத்ததற்கும் இல்லை. ஐந்தாம் மாதப் பௌர்ணமிக்கு இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டவில்லை.